மாளிகாவத்தை மைதானத்திலிருந்து மலைப்பாதைக்கு: மலைச் சைக்கிளோட்டமும் பயிற்றுவிப்பும்

வேர்களும் கற்களும் குறுக்கிடும் செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் சைக்கிளை ஓட்டிச் செல்வது பிறவித் துணிச்சல் உள்ளவர்களுக்கே கைகூடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் அவ்வாறு ஓட்டுபவரின் உடலில் நிகழ்வதைப் பிரித்துப் பார்த்தால், உடலை நிறுத்தும் முறை, பார்வையைச் செலுத்தும் முறை, பிரேக்கை அழுத்தும் முறை, சைக்கிளைச் சாய்க்கும் முறை, சில்லைத் தூக்கும் முறை எனச் சில திறன்களே அனைத்துக்கும் அடிப்படையாக இருப்பதும், அவை ஒவ்வொன்றும் கற்பிக்கவும் கற்கவும் கூடியவை என்பதும் தெளிவாகும். இவற்றுள் பெரும்பாலானவற்றைக் கற்க மலை தேவையில்லை. வாகனப் போக்குவரத்து இல்லாத ஒரு சமதரையும், கற்பிக்கத் தெரிந்த ஒருவரும் போதும். கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரத்தில் மட்டுமே அமைந்த கொழும்பு மாளிகாவத்தையில் வளரும் ஓர் இளைஞரோ யுவதியோ மத்திய மலைநாட்டின் பாதைகளில் தேர்ச்சியுடன் ஓட்டுபவராக உருவாக முடியுமா என்ற வினாவுக்கு, முறையான பயிற்றுவிப்பு கிடைக்குமானால் முடியும் என்பதே இக்கட்டுரை நிறுவ முற்படும் விடையாகும்.

பயிற்றுவிப்பாளர் இன்றிப் பிறந்த விளையாட்டு

மலைச் சைக்கிள் என்பது தடித்த டயர், அகன்ற ஹாண்டில், வலுவான பிரேக், மேட்டில் ஏறுவதற்கேற்ற இலகுவான கியர்கள் ஆகியவற்றுடன், தார் இடப்படாத பாதைகளுக்கென வடிவமைக்கப்பட்ட சைக்கிளாகும். இன்றைய சைக்கிள்களில் முன்சில்லுக்கு அதிர்வுதாங்கி பொருத்தப்படுவது வழக்கமாகிவிட்டது, விலை கூடியவற்றில் பின்சில்லுக்கும் அது உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மரின் என்னும் மாவட்டத்தின் மலைச்சரிவுகளில் பழைய கனமான சைக்கிள்களை இறக்கி ஓட்டிய இளைஞர் குழுவொன்று 1976 ஒக்ரோபரில் தொடங்கிய 'ரீபாக்' போட்டிகளே இவ்விளையாட்டின் தோற்றுவாயாகப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெலி, டொம் ரிச்சி ஆகியோர் அக்காலத்தில் முன்னின்றவர்கள். பிரீஸ் 1977இல் மலைப்பாதைக்கென்றே தனிச் சட்டகம் ஒன்றைச் செய்தார். 1981இல் தொழிற்சாலையில் பெருமளவில் தயாரிக்கப்பட்ட மலைச் சைக்கிள் சந்தைக்கு வந்தது. 1990இல் அமெரிக்காவின் டுராங்கோ நகரில் முதலாவது அதிகாரபூர்வ உலகச் சாம்பியன் போட்டி நடைபெற்றது. 1996ஆம் ஆண்டின் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது.

இருபது ஆண்டுகளுக்குள் நிகழ்ந்த இந்த வளர்ச்சியின்போது ஓட்டுநர்கள் பெரும்பாலும் விழுந்தும் எழுந்தும், தம்மிலும் வல்லவரைப் பின்தொடர்ந்தும் தாமாகவே கற்றனர். அவ்வாறு கற்றவர்களுள் சிலர் மிகச் சிறந்து விளங்கியபோதிலும், பலர் காயத்தாலோ அச்சத்தாலோ இடைநடுவில் விலகினர். எஞ்சியோரிலும் தவறான பழக்கங்கள் வேரூன்றி, ஒரு கட்டத்துக்கு மேல் முன்னேற முடியாத நிலை ஏற்பட்டது. இக்குறையை நீக்கும் பொருட்டே, பனிச்சறுக்குக் கற்பிப்போரிடம் நெடுங்காலமாக இருந்த முறையைப் பின்பற்றி, மலைச் சைக்கிளோட்டத்துக்கும் சான்றிதழ் பெற்ற பயிற்றுவிப்பாளர்களை உருவாக்கும் கற்கைநெறிகள் கனடாவிலும் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் தோன்றின. பாதைகளைத் தரப்படுத்தும் முறையும் பனிச்சறுக்கிலிருந்தே பெறப்பட்டது: 1988இல் நிறுவப்பட்ட சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம், மிக எளிய பாதைக்கு வெள்ளை, எளியதற்குப் பச்சை, இடைநிலைக்கு நீலம், கடினமானதற்குக் கறுப்பு, மிகக் கடினமானதற்கு இரட்டைக் கறுப்பு என வகுத்த குறியீடுகள் இன்று பல நாடுகளில் வழங்குகின்றன. ஓட்டுநரின் தரமும் பாதையின் தரமும் பொருந்துமாறு பார்த்துக்கொள்வது பயிற்றுவிப்பின் முதற்கடமை என்பதை இக்குறியீடுகள் நினைவூட்டுகின்றன. சுவிற்சர்லாந்தின் ஏகல் நகரில் 2002இல் திறக்கப்பட்ட உலகச் சைக்கிளோட்ட மையம், வசதி குறைந்த நாடுகளின் ஓட்டுநர்களையும் பயிற்றுவிப்பாளர்களையும் அழைத்துப் பயிற்சியளித்து வருகிறது. ஆசியாவில், இந்தியாவின் இமாசலப் பிரதேசத்தில் 2005 முதல் நடைபெற்றுவந்த எம்.ரி.பி. ஹிமாலயாப் போட்டியும், நேபாளத்தில் வளர்ந்த நெடுந்தூரப் போட்டிகளும் இவ்விளையாட்டைப் பரப்பின. 2019இல் நேபாளத்தில் நடைபெற்ற தெற்காசிய விளையாட்டு விழாவில் மலைச் சைக்கிளோட்டமும் ஒரு பிரிவாக இடம்பெற்றது.

இலங்கையில் சைக்கிளோட்டத்துக்கு நீண்ட மரபு உண்டு. 1960களில் ஒலிம்பிக்கில் இலங்கை சார்பாக ஓடிய மொரிஸ் குமாரவேல் அம்மரபின் அறியப்பட்ட பெயர்களுள் ஒருவர். எனினும் அம்மரபு முதன்மையாக வீதியிலும் ஓடுதளத்திலும் வளர்ந்தது. மலைநாடே நாட்டின் நடுவில் அமைந்திருந்தும், மலைப்பாதைக்குரிய திறன்கள் அம்மரபின் மையத்துக்கு வரவில்லை.

மலைநாட்டுப் பாதைகளின் இயல்பு

இலங்கையின் மத்திய மலைநாட்டில் ஓட்டுவதற்கு உகந்த பாதைகளின் பெரும்பகுதி விளையாட்டுக்காக வெட்டப்பட்டவை அல்ல. 1823 முதல் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கிய பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பால் உருவான தோட்ட வீதிகளும், மலைகளுக்கிடையே கொழுந்துக் கூடையுடன் நடந்தவர்களின் கால்பட்டுத் தேய்ந்த ஒற்றையடிப் பாதைகளுமே அவை. 2023இல் திறந்துவைக்கப்பட்ட, 300 கிலோமீற்றருக்கும் அதிக நீளமும் 22 கட்டங்களும் கொண்ட பீக்கோ நடைபாதை, இத்தகைய பழைய தேயிலைப் பாதைகளை இணைத்தே அமைக்கப்பட்டது. லயன் வீடுகளில் வாழும் மக்கள் இப்பாதைகளை இன்றும் வேலைக்கும் பாடசாலைக்கும் கோயிலுக்கும் செல்லப் பயன்படுத்துவதால், நடப்பவருக்கு வழிவிடுதல், குடியிருப்புகளை அண்மிக்கும்போது வேகத்தைக் குறைத்தல், தோட்ட நிர்வாகத்தின் அனுமதியைப் பெறுதல் ஆகியன மரியாதை சார்ந்த விடயங்களாக மட்டும் அமையாமல், ஓட்டுநருக்குக் கற்பிக்கப்படவேண்டிய திறனின் ஒரு பகுதியாகவும் அமைகின்றன. ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ், சிவனொளிபாதமலைக் காடு ஆகியவற்றை உள்ளடக்கிய மத்திய உயர்நிலங்கள் 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டவை என்பதால், அங்கு பாதுகாக்கப்பட்ட எல்லைகளுக்குள் அனுமதியின்றிச் சைக்கிளுடன் நுழைதல் ஆகாது.

காலநிலையும் இப்பாதைகளின் கடினத்தை நிர்ணயிக்கிறது. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவுகளையும், டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை கிழக்குச் சரிவுகளையும் நனைக்கின்றன. களிமண் ஈரமாகும்போது டயரின் பிடிமானம் பெருமளவு குறைகிறது. ஈர வேரில் குறுக்காகச் செல்லும் சில்லு எவ்வித முன்னறிவிப்பும் இன்றி வழுக்குகிறது. ஆகவே ஹப்புத்தளையில் ஒரு பாதை சனவரியில் எத்தரத்தது, ஓகஸ்ரில் எத்தரத்தது என்பதை அறிந்து அழைத்துச் செல்லும் உள்ளூர் அறிவு, நுட்பம் கற்பிக்கும் அறிவுக்கு இணையாக மதிக்கப்பட வேண்டியது.

உடல்நிலையும் பார்வையும்

மலைச் சைக்கிளோட்டத்தின் முதற்பாடம் 'தயார்நிலை' எனப்படும் உடல்நிலையாகும். இரு பெடல்களும் தரைக்குச் சமாந்தரமாக இருக்க, இருக்கையிலிருந்து எழுந்து, முழங்கால்களையும் முழங்கைகளையும் சற்று மடித்து, இடுப்பைப் பின்தள்ளி, மார்பைத் தாழ்த்தி நிற்பதே அந்நிலை. இந்நிலையில் உடலின் எடை கைகளில் அன்றிப் பாதங்களில் தங்குவதால், முன்சில்லு ஒரு கல்லில் மோதும்போது கைகள் இறுகாமல் வளைந்துகொடுக்கின்றன, சைக்கிள் உடலின் கீழே மேலும் கீழுமாக அசைந்து செல்கிறது. பாதம் கனமாகவும் கை இலேசாகவும் இருக்கவேண்டும் என்று பயிற்றுவிப்பாளர்கள் மீண்டும் மீண்டும் கூறுவதன் பொருள் இதுவே. சரிவில் இறங்கும்போது அச்சத்தால் உடலை மிகப் பின்னுக்கு இழுத்துக்கொள்வது புதியவர்களின் பொதுவான தவறாகும்; அவ்வாறு செய்தால் முன்சில்லில் எடை குறைந்து, திருப்புவதற்கும் பிரேக் பிடிப்பதற்கும் தேவையான பிடிமானம் இல்லாமற் போகிறது.

இரண்டாவது பாடம் பார்வை. முன்சில்லுக்கு நேர் கீழே பார்த்துக்கொண்டு ஓட்டுபவருக்கு ஒவ்வொரு தடையும் திடீரென வருகிறது. மணித்தியாலத்துக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் சைக்கிள் ஒரு செக்கனில் ஐந்தரை மீற்றர் தூரத்தைக் கடப்பதால், மூன்று மீற்றருக்கு அப்பால் உள்ள கல்லைக் கண்டு முடிவெடுக்க அரைச் செக்கனே கிடைக்கும். பத்துப் பதினைந்து மீற்றருக்கு அப்பால் பார்வையைச் செலுத்துபவருக்கு இரண்டு மூன்று செக்கன்கள் கிடைக்கின்றன. தவிர்க்க விரும்பும் கல்லையே உற்றுநோக்குபவர் அக்கல்லிலேயே மோதுவதும், கல்லின் அருகே உள்ள வழியை நோக்குபவர் அவ்வழியே செல்வதும் ஓட்டுநர்கள் அனைவரும் அறிந்த உண்மை. தலையும் தோளும் பார்வையைத் தொடர்வதும், சைக்கிள் தோளைத் தொடர்வதுமே இதற்குக் காரணம்.

பிரேக்கும் வளைவும்

புதியவர்கள் முன்பிரேக்கைத் தொட அஞ்சிப் பின்பிரேக்கையே நம்புகின்றனர். முன்பிரேக் ஓட்டுநரைத் தூக்கி எறியும் என்ற அச்சம் சிறுவயதிலேயே பதிந்துவிடுவது இதற்குக் காரணமாகும். உண்மையில் பிரேக் பிடிக்கும்போது உடலினதும் சைக்கிளினதும் எடை முன்னோக்கி நகர்வதால், முன்சில்லு நிலத்தை இறுகப் பற்றுகிறது, பின்சில்லு இலேசாகிறது. உலர்ந்த, உறுதியான தரையில் முன்பிரேக்கை முறையாகப் பயன்படுத்துபவர் புவியீர்ப்பு முடுக்கத்தின் ஏறத்தாழ அரைப்பங்கு வீதத்தில் வேகத்தைக் குறைக்க முடியும். பின்பிரேக்கால் மட்டும் அதன் பாதியளவே இயலும். இதைத் தூரமாகக் கணித்தால், மணித்தியாலத்துக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவர் முன்பிரேக்கின் துணையோடு மூன்று மீற்றருக்குச் சற்று அதிகமான தூரத்தில் நிற்கலாம், பின்பிரேக்கால் மட்டும் நிற்க ஆறு மீற்றருக்கு மேல் வேண்டும். வேகம் 30 கிலோமீற்றராக உயர்ந்தால் இத்தூரங்கள் ஏழாகவும் பதினான்காகவும் உயர்கின்றன, ஏனெனில் நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுகிறது. மலைப்பாதையின் தளர்ந்த மண்ணில் இவ்வளவு பிடிமானம் கிடைக்காது என்பதால், ஒரே விரலால், இழுத்துப் பிடிக்காமல், படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பழக்கம் தேவை. உடலைத் தாழ்த்தி, குதிகாலைக் கீழே அழுத்திக்கொண்டு பிரேக் பிடித்தால் கவிழும் அபாயம் வெகுவாகக் குறைகிறது. மைதானத்தில் ஒரு கோடு வரைந்து, அதற்குள் நிற்கவேண்டும் எனப் பலமுறை பயின்றவரின் விரல்கள், முன்பிரேக் எந்த அளவில் உதவியாக இருந்து எந்த அளவில் ஆபத்தாகிறது என்பதைத் தாமே அறிந்துகொள்கின்றன.

வளைவில் திரும்பும் கலை பிரேக்கோடு நெருங்கிய தொடர்புடையது. ஒரு டயர் நிலத்தைப் பற்றும் வலு மாதச் சம்பளத்தைப் போல அளவுக்குட்பட்டது. அதைப் பிரேக்குக்குச் செலவிட்டால் திரும்புவதற்கு மிஞ்சுவது குறையும். ஆதலால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவினுள் பிரேக்கை விடுவித்துச் செல்லுதல் விதியாகக் கற்பிக்கப்படுகிறது. ஐந்து மீற்றர் ஆரமுள்ள வளைவில் மணித்தியாலத்துக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் செல்ல ஏறத்தாழ 20 பாகையும், 20 கிலோமீற்றர் வேகத்தில் செல்ல 30 பாகைக்குச் சற்று அதிகமாகவும் சாய்வு தேவைப்படுகிறது. வீதியில் ஓட்டுபவர் உடலையும் சைக்கிளையும் ஒரே கோட்டில் சாய்க்கிறார். மலைப்பாதையில் ஓட்டுபவரோ தளர்ந்த மண்ணில் உடலைச் சற்று நிமிர்த்தி வைத்து, சைக்கிளை மட்டும் தமக்குக் கீழே சாய்க்கிறார். வெளிப்பக்கப் பெடலைத் தாழ்த்தி அதன்மேல் எடையை ஊன்றும்போது, சாய்ந்த டயரின் ஓரக்கட்டிகள் மண்ணில் பதிகின்றன. இவ்வாறு சைக்கிளையும் உடலையும் வேறு வேறாக அசைக்கும் ஆற்றல், வீதியில் எத்தனை ஆண்டுகள் ஓட்டினாலும் தானாக வருவதில்லை. அதனாலேயே அதற்கென்று தனியாகப் பயிற்சி தேவைப்படுகிறது.

சில்லைத் தூக்குதலும் மேட்டில் ஏறுதலும்

பாதையில் கிடக்கும் கட்டையைத் தாண்ட முன்சில்லைத் தூக்க வேண்டும். புதியவர்கள் கைகளால் ஹாண்டிலை இழுக்கின்றனர். தேர்ந்தவர்கள் உடலைத் தாழ்த்தி, பின் இடுப்பைப் பின்னோக்கித் தள்ளுவதன் வழியாகத் தூக்குகின்றனர். பின்சில்லைத் தூக்குவதற்குப் பாதங்களைப் பின்னோக்கிக் கீழ்நோக்கியும் பின் மேல்நோக்கியும் அசைக்கும் முறை வேண்டும். இவ்விரண்டும் தனித்தனியே கைவந்தபின் இணைக்கப்படும்போது, இரு சில்லுகளும் ஒன்றன்பின் ஒன்றாக எழும் 'பன்னி ஹொப்' என்னும் தாண்டல் உருவாகிறது. நின்ற இடத்தில் கால்களைத் தரையில் ஊன்றாமல் சைக்கிளைச் சமநிலையில் வைத்திருக்கும் 'ட்ராக் ஸ்டாண்ட்' என்னும் பயிற்சி, குறுகிய பாதையில் நின்று வழியைத் தேர்ந்தெடுக்கும் ஆற்றலைத் தருகிறது. மேட்டில் ஏறும்போது பின்சில்லு வழுக்காமலும் முன்சில்லு எழாமலும் இருக்க, இருக்கையின் முன்நுனிக்கு நகர்ந்து, மார்பைத் தாழ்த்தி, இலகுவான கியரில் சீரான வேகத்தில் மிதிக்க வேண்டும். மேடு தொடங்குமுன்பே கியரை மாற்றிவிடுவதும், இழுவை வந்தபின் மாற்றிச் சங்கிலியைச் சேதப்படுத்தாமல் இருப்பதும் இதன் பகுதியாகும்.

உடல் எவ்வாறு கற்கிறது

மேற்கூறியவற்றை வாசித்தறிவது எளிது; உடலில் ஏற்றுவது கடினம். உளவியலாளர்களான போல் ஃபிட்ஸ், மைக்கல் போஸ்னர் ஆகியோர் 1967இல் திறன் கற்றலை மூன்று படிநிலைகளாக வகுத்தனர். முதற்படியில் கற்பவர் ஒவ்வொரு அசைவையும் எண்ணிச் செய்கிறார். இரண்டாவதில் பிழைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் களைகிறார். மூன்றாவதில் அசைவு எண்ணமின்றித் தானே நிகழ்கிறது. மலைப்பாதையில் சிந்திக்க நேரமில்லை என்பதால், அடிப்படைகள் மூன்றாவது படியை எட்டியபின்பே கடினமான பாதைக்குச் செல்வது பாதுகாப்பாகும். மலைக்கு நேரடியாகச் செல்பவர் முதற்படியில் இருந்தபடியே கல்லையும் வேரையும் எதிர்கொள்கிறார். அங்கே அவர் கற்பது பெரும்பாலும் அச்சத்தையே.

பயிற்சியை ஒழுங்கமைக்கும் முறை குறித்து ஆய்வாளர்கள் கண்டறிந்தவற்றுள் சில எதிர்பாராதவை. ஜோன் ஷே, ரொபின் மோர்கன் ஆகிய இருவரும் 1979இல் வெளியிட்ட ஆய்வில், கையால் சிறு தடைகளை வெவ்வேறு வரிசைகளில் தட்டிவிடும் பணியை ஒரு குழுவினர் வரிசை வரிசையாக ஒன்றை முடித்து மற்றொன்று எனவும், மற்றொரு குழுவினர் வரிசைகளைக் கலந்தும் பயின்றனர். பயிற்சியின்போது முதற்குழுவினர் விரைவாக முன்னேறினர். ஆனால் சில நாட்களின் பின் சோதித்தபோது கலந்து பயின்றவர்களே கற்றதைச் சிறப்பாக நினைவிற் கொண்டிருந்தனர். இதன்படி ஒரு மாலை முழுவதும் வளைவை மட்டும் ஐம்பது முறை சுற்றுவதைக் காட்டிலும், அடிப்படை ஓரளவு பிடிபட்டதும் வளைவு, பிரேக், முன்சில்லைத் தூக்குதல் என மாறி மாறிப் பயில்வதே நிலைத்த பயனைத் தரும். பயிற்சிக் களத்தில் குறைவாகத் தோன்றும் முன்னேற்றம் நீண்டகாலத்தில் கூடுதல் கற்றலாக இருக்கக்கூடும் என்பதைப் பயிற்றுவிப்பாளரும் பெற்றோரும் அறிந்திருந்தால், பொறுமை இழக்க நேராது.

கவனம் எங்கே இருக்கவேண்டும் என்பதும் ஆராயப்பட்டுள்ளது. காப்ரியேல வுல்ஃப் என்னும் ஆய்வாளரும் அவருடன் பணிபுரிந்தோரும் 1998இல், பனிச்சறுக்கை ஒத்த ஓர் ஆட்டக்கருவியில் சிலரைத் தம் பாதங்களைக் கவனிக்கவும், சிலரைக் கருவியின் சில்லுகளைக் கவனிக்கவும் பணித்தனர். சில்லுகளைக் கவனித்தவர்களே விரைவாகக் கற்றனர். ஆகவே 'முழங்காலை மடி' என்று பயிற்றுவிப்பாளர் கூறுவதைவிட, 'பெடலை நிலத்துக்குள் அழுத்து' என்றோ 'வளைவின் முடிவில் உள்ள கம்பத்தைப் பார்' என்றோ கூறுவது பயனளிக்கிறது. ஒவ்வொரு முயற்சியின் பின்னரும் திருத்தம் கூறுவதும் நன்மையன்று. கரொலி வின்ஸ்டீனும் ரிச்சர்ட் ஷ்மிட்டும் 1990இல் வெளியிட்ட ஆய்வு, எல்லா முயற்சிகளுக்கும் மதிப்பீடு பெற்றவர்களைவிட, காலப்போக்கில் குறைந்துகொண்டே செல்லும் மதிப்பீட்டைப் பெற்றவர்கள் பின்னர் சிறப்பாகச் செய்தனர் எனக் காட்டியது. எப்போது பேசவேண்டும் என்பதுடன் எப்போது பேசாதிருக்கவேண்டும் என்பதையும் அறிந்தவரே நல்ல பயிற்றுவிப்பாளர்.

உடல்வலுவின் இடம்

திறனும் உடல்வலுவும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒலிம்பிக் தரத்திலான மலைச் சைக்கிளோட்டப் போட்டி ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம் நீடிக்கிறது. அந்நேரத்தின் கடைசிப் பகுதியில் சோர்ந்த கைகள் பிரேக்கைச் சரியாக அழுத்த முடியாமலும், சோர்ந்த முதுகு தயார்நிலையைத் தாங்க முடியாமலும் போகும்போதே பெரும்பாலான பிழைகள் நிகழ்கின்றன. நெடுந்தூர விளையாட்டு வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீஃபன் சைலர், உலகத்தரத்தோர் தம் பயிற்சியின் ஏறத்தாழ 80 சதவீதத்தைப் பேச்சு இயல்பாக வரும் அளவிலான இலகுவான தீவிரத்திலும், எஞ்சியதையே கடினமாகவும் செய்வதாகக் கண்டறிந்தார். ஒவ்வொரு நாளும் மூச்சு முட்ட மிதிப்பதே உறுதியைத் தரும் என்று கருதும் இளைஞர்களுக்கு இது அவசியமான திருத்தமாகும். வாரத்தில் ஓரிரு நாள் குறுகிய, தீவிரமான இடைவெளிப் பயிற்சி, அதாவது சில நிமிடங்கள் கடுமையாக மிதித்துச் சில நிமிடங்கள் ஆறுதலடையும் முறை, மேட்டில் ஏறும் ஆற்றலை வளர்க்கும். இருந்து எழும் பயிற்சி, முன்கைக்கும் இடுப்புச் சுற்றுக்குமான பயிற்சி ஆகியவற்றை வீட்டிலேயே செய்யலாம். கொழும்பின் வெப்பமும் ஈரப்பதனும் உடலை விரைவில் வரட்சிக்குள்ளாக்குவதால், காலை நேரமே பயிற்சிக்கு ஏற்றது.

பயிற்றுவிப்பாளரின் பணி

ஒருவர் தாமே செய்வதைத் தாமே காண முடியாது என்பதுதான் பயிற்றுவிப்பின் தேவைக்கு அடிப்படை. உடலைத் தாழ்த்தியிருப்பதாகத் தாம் உணர்பவர் பெரும்பாலும் நிமிர்ந்தே நிற்கிறார். தூரப் பார்ப்பதாக எண்ணுபவர் முன்சில்லையே பார்க்கிறார். வெளியிலிருந்து காணும் கண் இந்த இடைவெளியைச் சுட்டுகிறது. பின்னர் அதனைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் வெற்றி பெறத்தக்க பணியைக் கொடுத்து, அடுத்த படிக்குச் செல்ல வேண்டிய நேரத்தை முடிவுசெய்வதும் பயிற்றுவிப்பாளரின் வேலை. அச்சத்தைக் கேலி செய்வதும், கற்பவரைத் தள்ளிவிட்டுப் பழக்குவதும் பயிற்றுவிப்பாகாது. ஒரு தடையைத் தாண்ட மறுக்கும் உரிமை கற்பவருக்கு உண்டு. அந்த மறுப்பை மதித்து, அதைவிடச் சிறிய தடையை அமைத்துக்கொடுப்பதே அவரை மீண்டும் முன்னோக்கி அழைத்துவரும். தலைக்கவசத்தின் நாடா தாடைக்குக் கீழே சரியாக இறுகியுள்ளதா, பிரேக் வேலை செய்கிறதா, சில்லுகள் இறுகப் பூட்டப்பட்டுள்ளனவா என்று ஒவ்வொரு நாளும் ஓட்டத்துக்கு முன் பார்ப்பதும், முதலுதவி அறிவும், மலையில் தொலைபேசித் தொடர்பு அற்ற இடங்களில் உதவி பெறும் திட்டமும் அவருக்கு இருக்க வேண்டிய அடிப்படைத் தகுதிகள்.

பெண் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பெண் பயிற்றுவிப்பாளர்கள் உருவாக வேண்டியது குறிப்பாக மாளிகாவத்தை போன்ற பகுதிகளில் முக்கியமானது. சிறுவயதில் சைக்கிள் பழகிய பல பெண் பிள்ளைகள் பருவமடைந்தபின் அதை விட்டுவிடுவதற்குத் திறமையின்மை காரணமன்று. பாதுகாப்பான இடமும், குடும்பங்கள் நம்பக்கூடிய வழிகாட்டியும் இல்லாமையே காரணம். இவ்விரண்டும் கிடைத்தால், தமது உடைக்கும் வழக்கத்துக்கும் ஏற்ற முறையில் அவர்கள் கற்பதற்கு நுட்பரீதியான தடை எதுவும் இல்லை.

மாளிகாவத்தையில் தொடங்குதல்

மாளிகாவத்தையில் தொடர்மாடி வீடுகளும் நெருக்கமான ஒழுங்கைகளும் புகையிரத வளாகமும் நெருங்கி அமைந்திருந்தாலும், பி. டி. சிறிசேன மைதானம் போன்ற திறந்தவெளிகளும், 1986இல் திறக்கப்பட்ட கெத்தாராம ஆர். பிரேமதாச விளையாட்டரங்கும் அதே சுற்றுவட்டத்தில் உள்ளன. ஒரு மைதானத்தின் மூலையில் சில கூம்புகளும், தரையில் கிடத்திய சில பலகைகளும், ஒரு சீமெந்துப் படியும் இருந்தால், இக்கட்டுரையில் விவரிக்கப்பட்ட திறன்களில் பெரும்பகுதியைப் பயிலலாம். அண்மையில் உள்ள பஞ்சிகாவத்தை, வாகன உதிரிப்பாகங்களுக்கும் அவற்றைத் திருத்தும் கைவண்மைக்கும் பெயர்பெற்ற இடம். உடைந்ததைச் சீர்செய்து மீண்டும் ஓடவைக்கும் அந்தப் பண்பாட்டில் வளர்ந்த இளைஞர்களுக்குச் சைக்கிளின் இயக்கத்தை விளங்கிக்கொள்வது கடினமாகாது. 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கொழும்பில் சைக்கிள் மீண்டும் அன்றாடப் பயணத்துக்குரியதாக மாறியதையும், அதன் விலை கடுமையாக உயர்ந்ததையும் நகரவாசிகள் அறிவர். அன்று வாங்கப்பட்ட சைக்கிள்களுள் பல இன்று வீட்டு மூலையில் நிற்கின்றன. விலையுயர்ந்த அதிர்வுதாங்கிச் சைக்கிள் இன்றியே, பிரேக்கும் டயரும் நல்ல நிலையில் உள்ள ஒரு சாதாரண சைக்கிளில் அடிப்படைப் பாடங்கள் அனைத்தையும் கற்றுவிடலாம். மலைப்பாதைக்குச் செல்லும் நிலை வரும்போதுதான் அதற்கேற்ற சைக்கிள் தேவைப்படும். பல பிள்ளைகள் பகிர்ந்து பயன்படுத்தக்கூடிய சில சைக்கிள்களை ஒரு சங்கமோ பாடசாலையோ வைத்திருந்தால் அத்தேவையும் நிறைவேறும்.

மருதானையின் ஊடாகச் செல்லும் மலைநாட்டுப் புகையிரதப் பாதை பேராதனையையும் ஹட்டனையும் கடந்து, 1,890 மீற்றருக்கு மேல் உயரத்தில் உள்ள பட்டிப்பொல நிலையத்தைத் தொட்டு, பதுளை வரை செல்கிறது. மலைகள் மாளிகாவத்தையிலிருந்து ஒரு நாட்பயணத் தூரத்தில்தான் இருக்கின்றன. இடையில் இல்லாதிருப்பது, நகரத்துச் சமதரையில் கற்பித்து, தோட்டப்புறத்து மக்களின் இசைவுடன் அவர்களது பாதைகளுக்கு அழைத்துச் செல்லக்கூடிய, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளின் தொடர்ச்சியே. தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவகமும், விளையாட்டுத்துறை அமைச்சும், சைக்கிளோட்டச் சம்மேளனமும், மாநகர சபையின் மைதானங்களும் ஏற்கெனவே உள்ளன. மலைச் சைக்கிளோட்டத்துக்கான ஓர் அடிப்படைக் கற்கைநெறியைத் தமிழிலும் சிங்களத்திலும் வகுத்து, நகரத்தில் இருந்தும் மலையகத் தோட்டங்களில் இருந்தும் இளைஞர்களையும் யுவதிகளையும் அதில் சேர்த்தால், நகரத்துப் பிள்ளைக்குத் திறனும், பாதையை நன்கறிந்த மலையகத்து இளைஞருக்கு மதிப்புமிக்க ஒரு தொழிலும் ஒருசேரக் கிடைக்கும். தங்கள் முன்னோர் வெட்டிய பாதைகளில் வழிகாட்டும் உரிமையும் ஊதியமும் அந்த இளைஞர்களையே சேர வேண்டும். அத்தகைய திட்டம் ஒன்று வகுக்கப்படும் வரை, ஆர்வமுள்ள ஓர் ஆசிரியரும் ஐந்தாறு பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மைதானத்தின் ஒரு மூலையில் கோடு வரைந்து, முன்பிரேக்கால் நிற்கப் பழகுவதிலிருந்து இப்பணியைத் தொடங்கலாம்.